நாற்பத்தொரு விரல்

ஆறு மாடி. லிஃப்ட் இல்லை. அதாவது லிஃப்ட் இருக்கிறது, அதன் கதவில் 'பழுது' என்று தொங்கும் அட்டையே பழுப்பேறிக் கிழிந்திருந்தது. நான்காவது மாடியில் என் முழங்கால் ராஜினாமா கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டது.

"ஏன் சார், கிரவுண்ட் ஃப்ளோர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் கஷ்டமே வராதா?"

"வாயாடி, மூச்சைச் சேமிச்சு வை. மேல போனா பேச வேண்டியிருக்கும்."

வாயாடி என் பெயரில்லை. ஆனால் துப்பறிவாளரான சார் ஏழு வருஷமாக என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார். வேறு யாரும் என்னை எப்படியும் கூப்பிடுவதில்லை என்பதால் அதுவே நிலைத்துவிட்டது.

மணி பத்தரை. மாலை நான்கு மணிக்குள் ஒரு ஆளைக் கண்டுபிடித்தாக வேண்டும். பெயர் தெரியாது, முகம் தெரியாது, ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. கிடைக்காவிட்டால் ஒரு பஸ் டிரைவரின் லைசென்ஸ் இன்றோடு போய்விடும்.

கதவைத் திறந்தது டிரைவரின் அக்கா. எங்களைக் கூப்பிட்டவர் அவர்தான். ஐம்பதைத் தாண்டியவர், தையல் வேலை. ஒரே அறைதான் வீடு. ஜன்னலோரம் தையல் மிஷின், அதிலிருந்து பாதி தைத்த திரைச்சீலை தரைவரை வழிந்திருந்தது. கிளி படம் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு விரித்த மேஜை, இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலியில் துணி மூட்டை. சார் உட்காருவதற்காக அதைத் தூக்கியவர், எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசியில் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்றோ.

நான் பாத்திரம் கழுவும் தொட்டிமேல் சாய்ந்து நின்றேன். கழுவிக் கவிழ்த்த நீல விளிம்புத் தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று.

"என் தம்பி போன் பேசல சார். பிரேக் பிடிக்கல."

ஒன்பது நாளைக்கு முன் வளைவில் பஸ் சுவரில் மோதியது. பதினோரு பேருக்கு அடி. அன்று சாயங்காலமே ஊர்ப்பலகையில் செய்தி வந்துவிட்டது: 'செல்போனில் பேசியபடி பஸ் ஓட்டிய டிரைவர்'. ஊர்ப்பலகை என்பது எங்கள் ஊரின் இணையதளம். யார் வேண்டுமானாலும் செய்தி எழுதலாம். பிடித்தால் மேல் அம்பை அழுத்த வேண்டும், பிடிக்காவிட்டால் கீழ் அம்பு. அதிக மேல் அம்பு வாங்கியது உச்சியில் நிற்கும். இந்தச் செய்தி இறங்கவே இல்லை.

நான்காம் நாள் ஒரு பயணி பதில் எழுதினார். 'ஜன்னல்சீட்' என்று புனைபெயர். டிரைவர் கையில் போனே இல்லை, மூன்று தடவை பிரேக்கை மிதித்தார், 'எல்லாரும் கம்பியைப் பிடிங்க' என்று கத்தினார் என்று கண்ணால் பார்த்ததை எழுதினார். அந்தப் பதிவு பதினோரு நிமிஷம்தான் உயிரோடு இருந்தது. அதற்குள் நாற்பத்தொரு கீழ் அம்பு. நாற்பதைத் தாண்டினால் பதிவு தானாக மூடிக்கொள்ளும் என்பது தளத்தின் விதி. கண்டக்டர் தற்செயலாகப் பார்த்து அதைப் படம் எடுத்து வைத்ததுதான் மிச்சம்.

"லைசென்ஸ் ஆபீஸ்ல காட்டினோம் சார். 'ஊர் பேர் இல்லாத படத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? பாத்த ஆளைக் கூட்டிட்டு வாங்க'ன்னு அதிகாரி சொல்லிட்டாரு. இன்னிக்கு நாலு மணி வரைக்கும்தான் டைம்."

"தம்பி இங்க வருவாரா?"

"மாசத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவான். அவனுக்கும் குடும்பம், குழந்தைங்க, டூட்டி."

மேஜைமேல் அவருடைய போன் சிணுங்கியது. எடுத்துப் பார்க்காமல் குப்புறக் கவிழ்த்தார்.

*

ஊர்ப்பலகையை நடத்துபவரின் அலுவலகம் ஒரு சலவைக்கடைக்கு மேலே. ஒரு அறை, ஒரு ஆள், மூன்று கம்ப்யூட்டர். விருந்தாளி வந்த சந்தோஷத்தில் நாற்காலிகளை இரண்டு தடவை துடைத்தார்.

"மூடின பதிவை நீங்களே திறந்துடலாமே?" என்றார் சார்.

"முடியாதுங்க. எந்தப் பதிவுலயும் நான் கை வெக்க மாட்டேன்னு ஆரம்பிச்ச அன்னிக்கே எழுதிக் குடுத்துட்டேன். ஒரே ஒரு தடவை கை வெச்சேன். மூணு மாசம் என்னைத் திட்டியே பலகை ஓடிச்சு. என் கல்யாணம் நின்னதுக்கே அதான் காரணம்."

"வேற காரணமும் இருந்திருக்கலாம்" என்றேன். சார் முறைத்தார்.

"ஜன்னல்சீட் யாருன்னாவது சொல்லுங்க."

"எனக்கும் அந்தப் பேர்தான் தெரியும். நம்பர், விலாசம் எதுவும் நான் வாங்கறதில்ல. பதிவு திறந்திருந்தா அதுக்குக் கீழ எழுதலாம், அவங்க போனுக்குப் போயிடும். மூடியிருந்தா போகாது."

"திறக்க வேற வழி?"

"கீழ் அம்பு அழுத்தினவங்களே வாக்கைத் திரும்ப எடுத்துக்கணும். நாப்பதுக்குக் கீழ எறங்கினா தானா திறந்துடும். ஆனா அதை யாருங்க செய்வாங்க?"

ஒரு நல்ல விஷயம், ஊர்ப்பலகையில் எல்லாம் திறந்த வாக்கு. மூடிய பதிவிலும் எண்ணிக்கையைத் தொட்டால் யார் யார் அழுத்தினார்கள் என்று பட்டியல் விரியும். விரித்தோம். 'ஓய்வுபெற்ற சிங்கம்', 'நிலா ரசிகன்', 'பஞ்சுமிட்டாய்', 'மூட்டுவலி முருங்கை' என்று நாற்பத்தொரு பெயர்.

"எல்லாம் டூப் சார். ஒருத்தனே ஒரு ரூம்ல உக்காந்து நாப்பத்தொரு வேஷம் போட்டிருக்கான். மூட்டுவலி முருங்கையாம். தூ."

சார் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒவ்வொரு பெயராகத் திறந்து அவர்கள் முன்னால் போட்ட பதிவுகளைப் பார்த்துக்கொண்டே போனார். இருபது நிமிஷம். ஒரு படத்தில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நின்றார், பிறகு அதையும் தாண்டினார்.

"வாயாடி, இவங்க போட்டிருக்கற சாப்பாட்டுப் படத்தைப் பாரு."

"நானே கொலைப் பசியில இருக்கேன். இதுல படம் வேறயா?"

"எத்தனை தட்டு?"

"ஒண்ணு."

"அடுத்தது?"

"ஒண்ணு. இதுலயும் ஒண்ணு. இதுல ரெண்டு... இல்ல, அது மூடி."

பதினைந்தாவது படத்தில் என் கிண்டல் நின்றுவிட்டது. எல்லாப் படத்திலும் ஒரு தட்டு, ஒரு டம்ளர். எதிர்ப்பக்கம் ஒரு கையோ, ஒரு தோளோ, பாதி தெரியும் ஒரு குழந்தையோ கிடையாது.

"டூப் ஆளு முட்டை வேக வெச்சு, ஓட்டை உரிச்சு, உப்பு தூவிப் படம் எடுக்க மாட்டான்" என்றார் சார். "இவங்க நாப்பத்தொரு பேரும் நிஜம். தனியா இருக்கறவங்க. இப்ப படத்துக்குக் கீழ எழுதியிருக்கறதைப் படி."

ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரே பெயர், 'தங்கச்சி'. 'பாக்கவே ஆசையா இருக்கு அக்கா.' 'அண்ணா உப்பைக் குறைங்க, உங்களுக்கு பிரஷர் இருக்கில்ல?' 'நேத்து காய்ச்சல்னு சொன்னீங்களே, இப்ப பரவால்லயா?'

"எல்லார் தட்டையும் எட்டிப் பாத்தவ இவ ஒருத்திதான். அந்தப் பட்டியல்ல தேடிப் பாரு, ஒரு அம்பைக்கூடத் தொடாதவளும் இவதான்."

*

எங்கள் அலுவலகத்துக்கு வந்து தங்கச்சிக்குத் தூண்டில் போட்டோம். சார் பின்னறையிலேயே குடியிருக்கிறார், ஆகவே தட்டுக்குப் பஞ்சமில்லை. ரொட்டி இரண்டு, அவித்த முட்டை ஒன்று. புதுக் கணக்கு தொடங்கி, படம் எடுத்துப் போட்டு, மேலே எழுதினேன்: 'இன்னைக்கும் தனியாத்தான்.'

"நல்லா நடிக்கறே."

"நான் நடிக்கவே இல்ல சார்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஹாஸ்டல் அறைக்கு இரண்டாவது டம்ளர் வாங்கலாமா என்று மூன்று மாதமாக யோசித்து, யாருக்கு என்று கேட்டுக்கொண்டு, வாங்காமலே இருப்பவள் நான். அதை அவரிடம் சொன்னதில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

ஒன்பது நிமிஷத்தில் செய்தி வந்தது. 'அக்கா, ஒரு முட்டை எப்படிப் பத்தும்? இன்னொண்ணு வெச்சுக்கோங்க. உடம்பைக் கவனிக்கறதில்லையா நீங்க?'

தூண்டில் போட்டதே நான்தான். ஆள் சேர்க்கும் வேலைக்காக எழுதப்பட்ட வரி என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அதை இன்னொரு தடவை படித்தேன். யாராவது என்னிடம் இப்படிக் கேட்டு எத்தனையோ வருஷமாகிறது. வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. முட்டையை முழுசாக வாயில் போட்டுச் சமாளித்தேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு 'நம்ம வீடு' என்ற குழுவில் என்னைச் சேர்த்துவிட்டாள். உள்ளே ஒரே கலகலப்பு. மாத்திரை போட்டாச்சா, பூனை திரும்பி வந்துச்சா, அந்தப் பல் டாக்டர்கிட்ட போனீங்களா. எல்லாக் கேள்வியையும் கேட்பவள் தங்கச்சி. பதில் சொல்வதுதான் மற்றவர்கள் வேலை.

ஒன்றே காலுக்கு அவள் மூன்று இணைப்புகளைப் போட்டாள். 'செல்லங்களா, இன்னைக்கு ஊரைச் சுத்தம் பண்ற வேலை. மூணும் பொய்ச் செய்தி. யாரும் படிக்காதீங்க, மனசு கஷ்டப்படும். கீழ் அம்பை மட்டும் அழுத்திட்டு ஓடி வாங்க. அப்புறம் உக்காந்து பேசலாம்.'

'அழுத்தியாச்சு', 'அழுத்தியாச்சு' என்று மடமடவென்று வந்தன. ஒருவரும் படிக்கவில்லை. படித்தால் பேச்சு தவறிவிடுமே.

நான் படித்தேன். மூன்று செய்தியும் அந்த டிரைவர் வேலை செய்யும் பஸ் கம்பெனியைப் பற்றியது. டிப்போவில் தேய்ந்த பிரேக் மாற்றுவதில்லை என்று ஒரு மெக்கானிக், பஸ் படிக்கட்டு உடைந்து விழுந்த ஒரு பெண், பிரேக் புகாரோடு இன்னொரு டிரைவர். குழுவில் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒரு மாதமாக வந்த இணைப்புகளில் பாதிக்கு மேல் அதே கம்பெனிதான்.

"சார், மாட்டிக்கிட்டாங்க! ஆளை வெச்சு ஊர் வாயை அடைச்சிருக்காங்க!"

"கம்பெனி நாளைக்கும் அங்கயேதான் இருக்கும். நாலு மணிக்கு நமக்கு வேண்டியது ஜன்னல்சீட்."

நான் குழுவின் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் விரல் நின்றது. கிளி படம் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. நீல விளிம்புத் தட்டு. போட்டவர் பஞ்சுமிட்டாய்.

"சார்... இந்த மேஜை..."

"சலவைக்கடை மாடியிலயே பாத்தேன்."

"சொல்லவே இல்லையே?"

"தப்பா இருந்தா நல்லாருக்கும்னு பாத்தேன்" என்றார் அவர். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

*

இந்தத் தடவை ஆறு மாடியும் நான் பேசாமல் ஏறினேன்.

அக்கா எங்கள் முகத்தைப் பார்த்ததுமே மிஷினை நிறுத்திவிட்டார். மறுக்கவில்லை. மணி இரண்டே கால்.

"அழுத்தும்போது தெரியாது சார். சத்தியமாத் தெரியாது. நாலு நாளைக்கு முன்னாடி தம்பி அந்தப் படத்தை அனுப்பினான். அதுல இருந்த நேரத்தைப் பாத்ததும் திக்குனு ஆயிடுச்சு. உடனே பட்டியலைத் திறந்து பாத்தேன். இருபத்தாறாவது பேரு நான்."

"அப்பவே வாக்கைத் திரும்ப எடுத்திருக்கலாமே அக்கா?" என்றேன்.

"எடுத்தா தங்கச்சிக்குத் தெரியும்மா. தினம் பட்டியலைப் பாப்பா. போன மாசம் ஒரு பெரியவர், வாத்தியாரா இருந்தவரு, 'படிச்சுப் பாத்தேன், இது பொய்யில்லையே'ன்னு எழுதினாரு. அந்த நிமிஷமே குழுவுலேர்ந்து தூக்கிட்டா. மறுநாள் அவரைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை கேக்கல. நானும் கேக்கல."

"பின்ன எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?" சார் மெதுவாகத்தான் கேட்டார்.

அக்கா மேஜை விரிப்பை நீவிக்கொண்டே இருந்தார். "மத்த நாப்பது பேரும் அயோக்கியங்கன்னு நீங்க கண்டுபிடிச்சா, நான் ஒருத்திதான் தெரியாம மாட்டினவன்னு ஆகும். அவ நல்லவளாவே இருந்துடுவா. அப்படி ஏதாவது ஆகாதான்னு ஒரு நப்பாசை. தம்பி சோறு போயிடும்னு தெரிஞ்சும் நாலு நாள் சும்மா இருந்தேன் சார். தினம் என்கிட்ட பேசறவ அவ ஒருத்திதான். நான் எவ்வளவு கேவலமானவ பாத்தீங்களா?"

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. மத்தியானம் ஒரு முட்டைக்கு நானே விழப் பார்த்தவள், நான் யாரைக் கோபிப்பது?

"நீங்க ஒருத்தர் எடுத்தா நாப்பதுல நிக்கும்" என்றார் சார். "இன்னும் ஒருத்தர் எடுக்கணும். அதை அந்தக் குழுவுல இருக்கறவங்ககிட்ட கேக்கக்கூடியவங்க நீங்க ஒருத்தர்தான். கேட்டா உங்களையும் தூக்கிடுவா. கேக்கணும்னு நான் சொல்ல மாட்டேன்."

அக்கா எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து முதலில் தன் வாக்கை எடுத்தார். நாற்பது. பிறகு போனை வாயருகே பிடித்துக்கொண்டு குழுவுக்குப் பேசினார்.

"நான் பஞ்சுமிட்டாய் பேசறேன். அந்த பஸ் டிரைவர் என் கூடப் பொறந்த தம்பி. நாம படிக்காம அழுத்தி மூடினது பொய் இல்ல, அவனுக்கு இருந்த ஒரே சாட்சி. நாலு மணிக்குள்ள திறக்கலைன்னா அவன் பொழப்பு போயிடும். உங்க வாக்கை எடுத்துடுங்க. இதுக்கப்புறம் நான் இங்க இருக்க மாட்டேன்னு தெரியும். எல்லாரும் மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கோங்க."

அனுப்பினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் போனில் குழு மறைந்துவிட்டது. என் போனில் இன்னும் இருந்தது. அவர் பேசிய குரல்பதிவு மட்டும் அழிக்கப்பட்டிருந்தது. அதற்குள் எத்தனை பேர் கேட்டார்களோ, யாரும் கேட்கவே இல்லையோ.

பிறகு தங்கச்சி எழுதினாள். 'பாவம் அந்த அக்காவுக்கு மனசு சரியில்ல. யாரும் அதைப் பத்திப் பேச வேண்டாம். எல்லாரும் சாப்டாச்சா?'

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஓய்வுபெற்ற சிங்கம்: 'சாப்டாச்சு தங்கச்சி.' நிலா ரசிகன்: 'சாப்டாச்சு.' மூட்டுவலி முருங்கை: 'ஆச்சும்மா.' ஒன்றன்பின் ஒன்றாக, எதுவுமே நடக்காத மாதிரி.

"என்ன சொல்றாங்க?" என்றார் அக்கா.

"ஒண்ணும் சொல்லல அக்கா."

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. நாற்பது பேர். ஒருத்தருக்காவது முதுகெலும்பு வேண்டாமா? போனைத் தூக்கி ஜன்னல் வழியாக எறியலாம் போலிருந்தது.

"வாயாடி" என்றார் சார். ஊர்ப்பலகையைத் திறந்து வைத்திருந்த தன் போனை என் பக்கம் திருப்பினார்.

முப்பத்தொன்பது.

பதிவு திறந்துகிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பத்தெட்டு. முப்பத்தாறு. பட்டியலை விரித்தேன். சிங்கத்தைக் காணோம். நிலா ரசிகனைக் காணோம். அங்கே 'சாப்டாச்சு' என்று எழுதிய அதே நிமிஷத்தில் இங்கே வந்து வாக்கை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எழுதாதவர்களும் எடுத்திருந்தார்கள். இருபத்தொன்பது. இருபத்திரண்டு.

"அவளுக்குத் தெரிஞ்சுடுமே சார்! எல்லாரையும் தூக்கிடுவாளே!"

"எல்லாரையும் தூக்கிட்டா அவளுக்குக் குழு ஏது?" என்ற சார், அதற்குள் ஜன்னல்சீட்டுக்குப் பதில் எழுதி முடித்திருந்தார்.

இரண்டு ஐம்பதுக்கு மறுபதில் வந்தது. 'நான் எழுதியதை யாருமே நம்பவில்லை என்று நினைத்திருந்தேன். எங்கே வரவேண்டும்?'

*

லைசென்ஸ் ஆபீஸ் நடைவழியில் ஒரு நீளமான பெஞ்ச். மூன்றே முக்காலுக்கு ஜன்னல்சீட் வந்தார், மணிக்கட்டில் கட்டுப் போட்ட ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி, கண்ணாடிக் கடையில் கணக்கெழுதுபவராம். டிரைவரைப் பார்த்து, "நீங்க அன்னிக்குக் கத்தலைன்னா நான் கம்பியைப் பிடிச்சிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அதிகாரியின் அறைக்குள் போனார்.

டிரைவர் இஸ்திரி போட்ட சட்டையில், கைகளை முழங்கால்மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இடையில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்.

"தம்பி, அந்த நாப்பத்தொண்ணுல ஒண்ணு நான்டா."

"தெரியும்க்கா."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். நானும்தான்.

"பதிவு மூடின அன்னிக்கு ராத்திரியே பட்டியலைப் பாத்துட்டேன். பஞ்சுமிட்டாய்னு பேரு வெச்சு உனக்கு அதைத் தொடங்கிக் குடுத்ததே நான்தானே? அப்புறம் அந்தத் தங்கச்சி எழுதறதையெல்லாம் ஒண்ணு விடாம படிச்சேன்."

"தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல? லைசென்ஸ் போயிருக்குமேடா!"

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேப்பேன்? மாசத்துக்கு ஒரு தடவை, அதுவும் வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் பேசறவன் நான். அவங்களை விட்டுட்டு வான்னு உன்னைக் கூப்பிடலாம். எங்க வரச் சொல்லிக் கூப்பிடுவேன்?"

அக்கா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார். சார் எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த பழைய அறிவிப்பை மும்முரமாகப் படிக்க ஆரம்பித்தார்.

கதவு திறந்தது. அதிகாரி எட்டிப் பார்த்து டிரைவரைக் கூப்பிட்டார். அவர் எழுந்தார். இரண்டடி போனவர் திரும்பி வந்து அக்காவின் கையைப் பிடித்து எழுப்பினார்.

"இவங்க யாரு?" என்றார் அதிகாரி.

"என் அக்கா சார். அந்தப் பதிவு எப்படி மூடிச்சுன்னு இவங்க சொல்லுவாங்க."

அக்கா ஒரு கணம் தயங்கிவிட்டு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. பெஞ்சில் நானும் சாரும் மட்டும் இருந்தோம். அவர் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். சொல்வதற்கு எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.